பழைய பைபர் படகு: தட்டிப் பார்த்த பிறகே ரெசின்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலூர்ப் பக்கமிருந்து 18 அடி பைபர் படகு ஒன்றைப் பழசாக வாங்கி, பவானிசாகர் அணையில் மீன்பிடிக்க விட்டோமுங்க. ஒரு வருசத்துக்குள் அடியில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) நட்சத்திரம் மாதிரி விரிசலும் இருக்கிறது. ரெசின் பூசி அடைத்துவிடலாமா?
– வாசகர், பவானிசாகர்

பதில்: ரெசின் டப்பாவை அப்புறம் திறக்கலாம். படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பாசியைச் சுரண்டிக் கழுவுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் கையகல இடைவெளியில் அடிப்பாகம் முழுவதும் தட்டுங்கள். ‘டங்’கென்று கேட்டால் கவலையில்லை. ‘தொப்’பென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம், ஈரம் கோத்திருக்கலாம். அந்த இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் குறியுங்கள். உள்ளே கட்டையோ தெர்மாகோலோ வைத்த இடமும் மந்தமாகத்தான் ஒலிக்கும். அதனால் இடப்பக்கம் தட்டிய இடத்துக்கு நேரான வலப்பக்கத்தையும் தட்டி ஒப்பிடுங்கள். தேய்த்தெடுக்க வேண்டியது சாக்பீஸ் வட்டம் முழுவதையும். கண்ணுக்குத் தெரியும் விரிசலை மட்டும் அல்ல.

கடலில் ஒழுங்காக இருந்த படகு அணையில் ஏன் கொப்புளிக்கிறது? ஜெல்கோட் எனப்படும் வழவழப்பான வெளிப்பூச்சு வழியே நீர் மெல்ல மெல்ல ஊடுருவும். உள்ளே இறுகாமல் மிஞ்சிய பொருள்கள் அதில் கரைந்து அடர்ந்த திரவமாகி, வெளியிலிருந்து மேலும் நீரை இழுக்கும். உப்புநீரைவிட நன்னீரில் இந்த இழுப்பு அதிகம். கொப்புளத்தைக் குத்தும்போது கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்; உள்ளிருப்பது பீச்சியடிக்கும். வினிகர் நெடி வந்தால் இதே கோளாறுதான். கெட்டியான இழை தெரியும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் சில நாள் திரும்பத் திரும்பக் கழுவி, காயவிடுங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். மாசி, பங்குனி நம் பக்கம் தோதான காலம். ஆடிக் காற்றில் புழுதி வந்து ஒட்டும். ஓரடிச் சதுரப் பாலிதீனை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பகல் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த குழிகளை எபாக்சி புட்டியால் நிரப்பலாம். அதன்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது. எபாக்சி பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள்.

இனி அணியம். விரிசலை ‘வி’ வடிவில் கீறிப் பாருங்கள். ஜெல்கோட்டோடு நின்றால் அதை ஜெல்கோட்டாலேயே நிரப்பலாம். கீழே இழை வெளுத்திருந்தால் அடுக்கே உடைந்திருக்கிறது. அதை முழுதும் எடுத்துவிட்டு, கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். 5 மில்லிமீட்டர் கனம் என்றால் 6 சென்டிமீட்டர் சரிவு. 10 சென்டிமீட்டர் ஓட்டைக்கு ஒட்டு 22 சென்டிமீட்டர் வரும். இந்தச் சரிவில்தான் ஒட்டின் பலமே இருக்கிறது. இதில் சோம்பல்பட்டால் ஒட்டு ஒருநாள் பில்லையாகப் பெயர்ந்து வரும். 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) ஓர் அடுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் கனம் தரும். ஆக 5 அடுக்கு. பெரிய துண்டு முதலில், சிறியது கடைசியில். மேட் 60 கிராம் போலப் பிடிக்கும், ரெசின் அதைப்போல் இரண்டரை மடங்கு. சேதாரம் சேர்த்து 200 கிராம் ஐசோ ரெசின் (பாலியெஸ்டர் ரெசினில் ஒரு வகை) கலக்குங்கள். ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது.

கேள்வி: மக்கில் கலக்கிய ரெசின் பத்தே நிமிடத்தில் கொதித்துப் புகைந்து கட்டியாகிறது. கேட்டலிஸ்ட்டைக் குறைக்கலாமா?
– வாசகர், மேட்டூர்

பதில்: ரெசினை இறுகவைப்பதே கேட்டலிஸ்ட். அதை 1 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள், ரெசின் முழுசாக இறுகாமல் போகும். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காமல், அகலமான தட்டில் ஊற்றி, விடியற்காலையில் நிழலில் வேலை செய்யுங்கள். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எஞ்சின் மாட்டும் பின்பலகை உளுத்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், உடுமலை

பதில்: எஞ்சினின் அடிப்பகுதியைப் பிடித்து அமுக்குங்கள், பலகை அசைந்தால் சந்தேகம்தான். உள்பக்கம், கீழ் போல்ட்டுக்கு அருகில் 6 மில்லிமீட்டர் துளை போடுங்கள். தூள் வெளுப்பாக உதிர்ந்தால் பலகை நலம். கறுத்து ஈரமாக விரலில் அப்பினால் உள்தோலை வெட்டி பிளைவுட்டை மாற்றியே ஆக வேண்டும். துளைக்குள் ரெசின் ஊற்றிச் சமாளிக்க முடியாது, ஈர மரத்தில் அது பிடிக்காது. நலமாக இருந்தால் துளையை அன்றைக்கே எபாக்சியால் அடைத்துவிடுங்கள்.