போர் வரலாறு, மாயத் திகில்: ஒலிநூலில் எதை முதலில் கேட்பது?

இரண்டையும் கேட்க விரும்புவோர் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள மெக்ஹென்றி கோட்டையைத் தாக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் ஒன்றான 'டெரர்', 1845இல் ஜான் பிராங்க்ளின் தலைமையில் 'எரெபஸ்' கப்பலுடன் அட்லாண்டிக்கிலிருந்து ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்கை அடையும் வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்று, மறு ஆண்டு பனிக்கட்டியில் சிக்கியது. சென்ற 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. டான் சிம்மன்ஸ் 2007இல் எழுதிய 'தி டெரர்' நாவல், இந்த உண்மை நிகழ்வுக்குள் வேட்டையாடும் மாயமிருகம் ஒன்றை உலவவிடுகிறது. அம்மாலுமிகளைக் குளிரும் பசியும் எவ்வாறு வாட்டின என்பதை முன்பே அறிந்தவருக்கு, நடந்தது எது, கற்பனை எது என்று கேட்கும்போதே பிரித்தறிய முடிகிறது. அதனால் அச்சம் குறைவதில்லை, கூடவே செய்கிறது. வரலாற்று ஒலிநூலில் இடப்பெயர்கள் செவியில் எளிதில் தங்குவதில்லையாதலால், அக்கப்பல்கள் சிக்கிய இடத்துக்கு அருகிலுள்ள கனடாவின் கிங் வில்லியம் தீவைக் காட்டும் வரைபடம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.