புரோக்கர் கேட்கும் 12 சொற்கள்: கொடுத்தால் கேஷும் போகும், பிட்காயினும் போகும்

கேள்வி: 2017 மே கடைசியில் என் மைத்துனர் பேச்சைக் கேட்டு ஒரு எக்ஸ்சேஞ்சில் கால் பிட்காயின் வாங்கினேன். பிறகு அதைப் போனில் இருந்த வாலெட்டுக்கு மாற்றிவிட்டேன். வாலெட் கொடுத்த 12 ஆங்கிலச் சொற்களை டைரியில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். இப்போது டெலிகிராமில் பழக்கமான ஒரு ‘கன்சல்டன்ட்’, “உங்களுக்குத் தெரியாமலே கால் பிட்காயின் கேஷ் கிடக்கிறது, அதுதான் அசல் பிட்காயின், சீக்கிரம் க்ளெய்ம் பண்ணாவிட்டால் காலாவதியாகிவிடும்” என்கிறார். 12 சொற்களையும் முன்பணம் 25,000 ரூபாயும் அனுப்பினால் எடுத்துத் தருவாராம். வருவதில் 20 சதவீதம் அவருக்கு. நம்பலாமா? அசல் எது? வரி உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு.

பதில்: பிட்காயின் கேஷ் (இனி சுருக்கமாக ‘கேஷ்’) கிடக்கிறது என்பது நிஜமாக இருக்கலாம். காலாவதியாகும் என்பது புளுகு. அந்த 12 சொற்களை அனுப்பினீர்கள் என்றால் கேஷோடு உங்கள் கால் பிட்காயினும் அன்றைக்கே போய்விடும். இரண்டுக்கும் சாவி அந்த 12 சொற்கள்தான். உங்கள் கன்சல்டன்ட் சொல்லாமல் விட்டது இந்த ஒரு விஷயத்தை மட்டும்தான்.

ஏன் ஒரே சாவி என்று புரிய, அந்தப் பழைய சண்டையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிட்காயின் என்பது ஒரு பொதுப் பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படும். பக்கத்தின் அளவு 1 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்று 2010ல், சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் பிட்காயினை உருவாக்கிய அந்த ஆளே ஒரு வரம்பு வைத்தார். ஆள் சேரச் சேர பக்கத்தில் இடம் போதவில்லை. “பக்கத்தைப் பெரிதாக்கு, டீக்கடையில்கூட பிட்காயின் கொடுக்க முடியணும்” என்றது ஒரு கூட்டம். “பக்கம் பெருத்தால் பேரேடு பெருக்கும், அப்புறம் சாதாரண ஆள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நகல் வைத்துச் சரிபார்க்க முடியாது, கணக்கு நாலு பெரிய கம்பெனி கைக்குப் போய்விடும்” என்றது இன்னொரு கூட்டம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. 2015ல் பிட்காயின் மென்பொருளாளர்கள் மைக் ஹெர்ன், கேவின் ஆண்ட்ரசன் இருவரும் 8 எம்பி பக்கத்தோடு ஒரு மாற்று மென்பொருள் கொண்டுவந்து பார்த்தார்கள், எடுபடவில்லை. 2016 ஜனவரியில் ஹெர்ன் பிட்காயின் தோற்றுப்போச்சு என்று எழுதிவிட்டு, தன்னிடம் இருந்ததை விற்றுவிட்டு வெளியேறினார். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஒரு சமரச ஒப்பந்தம், 2017 மேயில் நியூயார்க்கில் இன்னொன்று. இரண்டும் நிலைக்கவில்லை.

2017 ஆகஸ்ட் 1 அன்று பெரிய பக்கக்காரர்கள் தனியாகப் போனார்கள். 478,558ஆம் பக்கம் வரை ஒரே பேரேடு, அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து இரண்டு. இதைப் பாகப்பிரிவினை என்று பலரும் சொல்கிறார்கள், அது சரியான உவமை இல்லை. பாகம் பிரித்தால் நிலம் பாதியாகும். இங்கே யாருடைய காயினும் குறையவில்லை. பேரேட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து வேறொரு கடை திறந்துவிட்டார்கள். அந்தக் கடையின் பெயர்தான் பிட்காயின் கேஷ். பழைய பேரேட்டில் உங்கள் பெயரில் கால் காயின் இருந்தால், ஜெராக்ஸிலும் கால் காயின் இருக்கும். பூட்டும் ஜெராக்ஸ்தான். அதனால்தான் அதே 12 சொற்கள் இரண்டையும் திறக்கின்றன.

இனி ‘அசல்’ பிரச்சினை. பெரிய பக்கக்காரர்கள், ஆரம்பகால பிட்காயின் முதலீட்டாளர் ரோஜர் வெர் போன்றவர்கள், சடோஷி எழுதிய 2008ஆம் ஆண்டு அறிக்கையில் ‘மின்னணு ரொக்கம்’ என்றுதானே இருக்கிறது, ரொக்கம் போலச் செலவழிக்க முடிவது எங்கள் காயின்தான், ஆகவே அசல் நாங்களே என்றார்கள். எதிர்த் தரப்பு அதைப் போலி என்று ஏசியது. 2017 டிசம்பரில் பிட்காயினில் ஒரு பரிமாற்றத்துக்குச் சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியபோது வெர் தரப்பின் வாதம் வலுவாகவே தெரிந்தது. ஆனால் அவர்கள் திறந்த பெரிய பக்கங்கள் இன்றுவரை பெரும்பாலும் காலியாகத்தான் ஓடுகின்றன. கொள்கைரீதியாக யார் பக்கம் நியாயம் என்பதை இன்னும் பத்து வருடம் பேசலாம். அந்தப் பேச்சால் உங்கள் பீரோவில் இருக்கும் டைரிக்கு எந்த லாபமும் இல்லை.

ஆனால் அந்தச் சொல்லை உங்கள் கன்சல்டன்ட் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்று யோசியுங்கள். ‘அசல் பிட்காயின்’ என்றதும் உங்கள் மனதில் ஓடுவது பிட்காயினின் விலை. உண்மையில் சமீப ஆண்டுகளில் ஒரு கேஷின் விலை, ஒரு பிட்காயின் விலையில் ஒரு சதவீதத்தைத் தொடவே திணறுகிறது. கால் கேஷ் என்பது பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய சமாச்சாரம். அதை எடுத்துத் தர முன்பணமே 25,000! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கூலி போகட்டும், சுமைகாரர் கேட்பது மொத்த வீட்டின் சாவியை.

இது நான் கற்பனையாகச் சொல்வது இல்லை. 2017 அக்டோபரில் பிட்காயின் கோல்டு என்று இன்னொரு பிரிவு வந்தது. உங்கள் கோல்டைக் க்ளெய்ம் பண்ணித் தருகிறோம் என்று ஒரு இணையதளம் வந்து, வந்தவர்களிடம் சாவிச் சொற்களை வாங்கி, 30 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள காயின்களைச் சுருட்டியது. திருடப்பட்டதில் பெரும்பகுதி கோல்டு இல்லை, பிட்காயின். அதே தந்திரம் இப்போது தமிழில் வாய்ஸ் நோட்டாக வருகிறது.

போன வருடம் என்னிடம் ஒரு பனியன் கம்பெனி மேலாளர் வந்தார். கையில் மடித்த நோட்டுத் தாள். 12 சொற்களில் ஒன்பதாவது மட்டும் தண்ணீர் பட்டுக் கலங்கியிருந்தது. “இதனால்தான் சார் பணம் வரலையா?” என்று கேட்டார். யாரோ ஒருவர் அனுப்பிய லிங்கில் இரவு பதினொன்றரைக்குச் சொற்களைத் தட்டியிருக்கிறார். கலங்கிய சொல்லைச் சரியாகவே ஊகித்து அடித்திருக்கிறார். வாலெட்டைத் திறந்து பார்த்தோம். அவர் தட்டி முடித்த நாலாவது நிமிடத்தில் எல்லாம் வெளியே போயிருந்தது. கலங்கிய எழுத்தைச் சரியாகப் படிக்காமல் இருந்திருந்தால் பணம் தப்பித்திருக்கும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதாத ஒரு தகவல் எனக்கு வேண்டும்: எக்ஸ்சேஞ்சிலிருந்து போன் வாலெட்டுக்கு எந்தத் தேதியில் மாற்றினீர்கள்? மேயில் வாங்கினேன் என்கிறீர்கள், ‘பிறகு’ மாற்றினேன் என்கிறீர்கள். எல்லாமே அந்த ‘பிறகு’வில்தான் இருக்கிறது. ஆகஸ்ட் 1க்கு முன்பே மாற்றியிருந்தால் கேஷ் உங்களுடையது. ஆகஸ்ட் 1 அன்று காயின் எக்ஸ்சேஞ்சில் இருந்திருந்தால், அன்றைக்குச் சாவி எக்ஸ்சேஞ்சின் கையில். ஜெராக்ஸ் பேரேட்டில் அந்தக் காயின் எக்ஸ்சேஞ்சின் பெயரில்தான் விழுந்திருக்கும். சில எக்ஸ்சேஞ்சுகள் வாடிக்கையாளருக்குப் பிரித்துக் கொடுத்தன, சில கொடுக்கவில்லை. உங்கள் போனில் மட்டும் அது இருக்காது, எந்தக் கன்சல்டன்டாலும் எடுக்க முடியாது. ஒருவேளை ஜூலையில் மாற்றி, செப்டம்பரில் போனை மாற்றும்போது புது 12 சொற்களோடு புது வாலெட் தொடங்கி, பிட்காயினை அதற்கு அனுப்பியிருந்தால், கேஷ் அந்தப் பழைய 12 சொற்களிடம் இருக்கும். பீரோ டைரியில் இருப்பது புதுச் சொற்கள் என்றால் அவற்றால் பயனில்லை. எனவே டைரிப் பக்கத்தில் தேதி இருக்கிறதா, அதே டைரியில் இன்னொரு பட்டியல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்சேஞ்ச் அனுப்பிய பழைய மின்னஞ்சலிலும் தேதியும் பிட்காயின் முகவரியும் இருக்கும்.

இதைச் சரிபார்க்க யாருக்கும் ஒரு சொல்லும் கொடுக்க வேண்டியதில்லை. முகவரி என்பது வீட்டு எண் மாதிரி, வெளியே தெரிந்தால் திருட்டுப் போகாது. 2017ல் உங்கள் முகவரி அநேகமாக 1 என்ற எண்ணில் தொடங்கும். பேரேட்டைத் தேடிப் பார்க்க உதவும் பிளாக்செயர் மாதிரியான தளத்தில் அதே முகவரியைப் பிட்காயின் பக்கத்திலும் பிட்காயின் கேஷ் பக்கத்திலும் போட்டுப் பாருங்கள். கேஷ் பக்கத்தில் கால் காயின் காட்டினால் இருக்கிறது, பூஜ்யம் காட்டினால் அந்த முகவரியில் இல்லை. கன்சல்டன்டிடமும் இதையே கேளுங்கள்: “முகவரி தருகிறேன், எவ்வளவு இருக்கிறது என்று சொல்லுங்கள்.” நேர்மையான ஆளுக்கு அது ஒரு நிமிட வேலை.

இருக்கிறது என்று உறுதியானால், எடுக்கும் வரிசைதான் முக்கியம். முதலில் பிட்காயினை வெளியேற்றுங்கள். புது வாலெட், புது 12 சொற்கள், தாளில் எழுதி வைத்தாயிற்றா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, முதலில் சிறிய தொகையை அனுப்பி, வந்து சேர்ந்த பின் மிச்சத்தை மாற்றுங்கள். கட்டணம் ஏறிக் கிடந்தால் இரண்டு நாள் பொறுங்கள். எட்டு வருடத்துக்கு மேல் பொறுத்த காயின்தானே. அதே பழைய சொற்களில் வேறு காயின் ஏதும் வைத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். பழைய சொற்களின் கீழ் கேஷைத் தவிர ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் அவற்றை எலக்ட்ரான் கேஷ் போன்ற கேஷ் வாலெட்டில் போட வேண்டும். அதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள், தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். வாலெட் பூஜ்யம் காட்டினால் பதறாதீர்கள். அது வேறு அலமாரியில் தேடிக்கொண்டிருக்கும், அமைப்பில் ‘டெரிவேஷன் பாத்’ என்ற இடத்தில் பழைய பிட்காயின் பாதையைத் தேர்ந்தெடுத்தால் தென்படும். இந்த இடத்தில் உதவி தேவைப்பட்டால் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏமாற்றினாலும் போவது கேஷ் மட்டும்தான்.

விற்கப் போகும்போது நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயுவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சாகப் பாருங்கள். அவர்கள் தரும் கேஷ் முகவரி பொதுவாக q என்ற எழுத்தில் தொடங்கும். பிட்காயின் முகவரிக்குக் கேஷை அனுப்பித் தொலைத்தவர்கள் ஏராளம்.

அடுத்து ஒரு பேர்வழி வருவார், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பர் 15 அன்று கேஷும் உடைந்து பிட்காயின் எஸ்வி என்று ஒன்று பிறந்தது. அதன் முகமாக இருந்த கிரெய்க் ரைட், நான்தான் சடோஷி என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் முடித்துவைத்தது. உங்கள் கேஷ் அன்று அசையாமல் இருந்திருந்தால் கணக்குப்படி கால் எஸ்வியும் உண்டு. பைனான்ஸ் (Binance) உள்ளிட்ட சில பெரிய எக்ஸ்சேஞ்சுகள் 2019லேயே அதை நீக்கிவிட்டன. நானாக இருந்தால் அதன் பின்னால் அலைய மாட்டேன்.

வரி: கேஷை விற்ற வருடத்தில் லாபத்தின் மீது 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். 2022 ஏப்ரல் முதல் இதுதான் நிலைமை. சொந்த வாலெட்டிலிருந்து சொந்த வாலெட்டுக்கு மாற்றுவது விற்பனை ஆகாது. எக்ஸ்சேஞ்ச் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும், அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கேஷை நீங்கள் காசு கொடுத்து வாங்கவில்லையே, அடக்க விலை என்ன? கிரிப்டோ வரிக்கான சட்டப்பிரிவில் இப்படிப் பிரிந்து வந்த காயினைப் பற்றி ஒரு வரி கிடையாது. நான் பூஜ்யம் என்று வைத்துக் கட்டச் சொல்வேன், பத்தாயிரத்துக்கு 3,120 ரூபாய், தூக்கம் கெடாது. வேறு கிரிப்டோவில் நஷ்டப்பட்டிருந்தால் இதில் கழிக்க முடியாது. லாபத்தில் பங்கு கேட்கும் அரசு நஷ்டத்தைக் கண்டுகொள்ளாது. 2018ல் ரிசர்வ் வங்கி கிரிப்டோவுக்கு வங்கிக் கதவுகளை அடைத்தது, 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ ஒரு சொத்துதான் என்றும் சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சொத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கப் போனால், “அது சட்டப்படி செல்லாத காசு தானேய்யா” என்று கேட்கும் மேஜைகள் இன்னும் இருக்கின்றன. பனியன் கம்பெனி மேலாளர் மூன்று முறை போய்த்தான் ரசீது வாங்கினார்.

முன்பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள். வங்கிப் பரிமாற்ற எண்ணையும் டெலிகிராம் உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உரையாடலை அவர் தன் பக்கத்திலிருந்தே அழித்துவிட முடியும், அதனால் ஸ்க்ரீன்ஷாட் முதலில். சொற்களில் சிலவற்றை மட்டும் ‘சாம்பிளுக்கு’ அனுப்பியிருந்தாலும் இன்று இரவே பிட்காயினைப் புது வாலெட்டுக்கு மாற்றிவிடுங்கள், கேஷைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.