பாய்மரப் படகின் பெரிய பாயை இறக்கி மடிப்பது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 34 அடிப் படகை நானும் மனைவியும் மட்டுமே ஓட்டுகிறோம். லேசி ஜாக்ஸ் நல்லதா, டச்மேன் நல்லதா?

பதில்: லேசி ஜாக்ஸ், பாய்மரத்திலிருந்து பூமின் (பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் கிடைக்கம்பத்தின்) இருபுறமும் இறங்கும் கயிறுகள். விழும் பாயைத் தாங்கும், மடிக்காது. மடிப்பை நீங்கள்தான் கையால் சீராக்க வேண்டும். டச்மேனில் தூண்டில் நரம்பு போன்ற இழைகள் பாயின் துளைகளில் உள்ளும் புறமுமாக நுழைந்து செங்குத்தாக நிற்கும். பாய் இறங்கும்போது இடம், வலம் என்று தானே மடிந்து அமரும். புதிய விறைப்பான துணிக்கு மட்டும் முதல் சில முறை மடிப்பைக் கையால் பழக்க வேண்டும். ஆனால் பாயில் துளையிட வேண்டும், உறையிலும் இழைகளுக்கு வழி விட வேண்டும். பாய் பழையது என்றால் அதில் துளையிடாதீர்கள். லேசி ஜாக்ஸே போதும்.

கேள்வி: ஏற்றும்போது பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டை) முனை லேசி ஜாக்ஸில் மாட்டிக்கொள்கிறது.

பதில்: ஏற்றுவதற்கு முன்பே அந்தக் கயிறுகளைத் தளர்த்தி, முன்னே இழுத்துப் பாய்மரத்தோடு சேர்த்து மாட்டிவிடுங்கள். இறக்கும் நேரத்தில் திரும்ப விரித்தால் போதும். அப்படிச் செய்ய வசதியில்லையென்றால், படகின் முகத்தைக் காற்றுக்கு நேராக வைத்து, மேல் பேட்டன் கயிறுகளுக்கு நடுவே வரும்வரை பொறுத்திருந்து இழுங்கள். மாட்டியதை வின்ச் (கயிறு இழுக்கும் உருளை) போட்டு இழுக்கவே கூடாது. பேட்டன் உறை கிழிந்துவிடும்.

கேள்வி: பாய்மரத்துக்குள்ளேயே சுருளும் பாய் வாங்கலாமா?

பதில்: காக்பிட்டை (படகை ஓட்டுபவர் அமரும் இடத்தை) விட்டு எழாமலே பாயைக் குறைக்கலாம் என்பது பெரிய வசதி, வயதானவர்களுக்கு வரம். இருந்தாலும் எனக்குத் தயக்கம் உண்டு. காற்று ஏறிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நண்பரின் படகில் தொய்ந்துபோன பழைய பாய் மடிப்பு விழுந்து பாய்மரத்தின் பிளவில் சிக்கிக்கொண்டது. பாதி உள்ளே, பாதி வெளியே. சுருட்டவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. கயிற்றை விட்டதும் தன் எடையால் கீழே வரும் பாயைத்தான் நான் நம்புவேன். பூமுக்குள் சுருளும் வகையில் சிக்கினாலும் பாயைக் கீழே இறக்கிவிடலாம். ஆனால் அது ஒழுங்காகச் சுருள, பூமின் கோணம் துல்லியமாக இருக்க வேண்டும். அதிலிருந்து சற்று விலகினாலும் துணி ஒரு பக்கமாக ஏறிக் குவியும்.

கேள்வி: லேசர் என்ற சிறு படகின் பாயை மடிக்கலாமா?

பதில்: வேண்டாம், சுருட்டுங்கள்.

கேள்வி: தினமும் உறை போட வேண்டுமா?

பதில்: ஆம், ஒரு மணி நேரம் கரையில் நிற்பதானாலும் போடுங்கள். வெயிலில் துணிக்கு முன்பே தையல் நூல்தான் கெடும். தையலை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால் அடுத்த பயணத்துக்கு முன் மறுதையல் போடக் கொடுத்துவிடுங்கள்.