பிசிஓஎஸ் இருக்கிறது. டயட், ஜிம் எதுவும் ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை. என்னை நானே வெறுக்காமல் இதோடு வாழ முடியுமா?

எனக்கு வயது 34. 22 வயதில் ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிசிஓடி என்று எழுதிக் கொடுத்தார்கள். பிசிஓஎஸ் என்பதும் அதுவேதான், "பாலிசிஸ்டிக் ஓவரி", அதாவது பல கட்டிகளுள்ள சினைப்பை என்று பெயர் வைத்த ஹார்மோன் கோளாறு. நான் டாக்டர் இல்லை, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். நீங்கள் கேட்டதில் "ஒரு மாதத்தைத் தாண்டுவதில்லை" என்ற வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. பத்து வருடம் நானும் அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தவள்.

கழுத்திலிருந்து தொடங்குகிறேன். பதினாலு வயதில் என் பின்கழுத்து கறுக்க ஆரம்பித்தது. எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா தலை பின்னும்போதெல்லாம், "ஏட்டி, கழுத்தைப் பாரு, கரியா அப்பிக் கெடக்கு. தேச்சுக் குளிக்க மாட்டியா?" என்பாள். குளியலறை ஆணியில் பீர்க்கங்கூடு தொங்கும். அதை எடுத்து, தோல் எரிகிற வரை தேய்ப்பேன். ஒருமுறை ரத்தம் கசிந்து, பள்ளிச் சீருடைக் காலரில் ஒட்டிக்கொண்டது. அழுக்கு மட்டும் போகவில்லை.

அது அழுக்கே இல்லை என்று தெரிய எட்டு வருடம் ஆயிற்று. சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலினின் வேலை. எங்களைப் போன்ற பலருக்குத் தசை அதன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. உடனே கணையம் இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறது, அதாவது இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. தசைக்குத்தான் காது மந்தம். சினைப்பைக்கு நன்றாகவே கேட்கும். அது அந்தச் சத்தத்துக்கு ஆண்ட்ரோஜன் என்ற ஆண்தன்மை ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதனால் தாடையில் முடி, முகத்தில் பரு, தள்ளிப் போகும் மாதவிடாய். அதே மிகை இன்சுலின் கழுத்துத் தோலின் செல்களையும் வேகமாக வளரச் செய்கிறது. அதுதான் அந்தக் கறுப்பு. இதை எந்தக் கூட்டை வைத்துத் தேய்ப்பது?

ஸ்கேன் எடுத்த அன்று நாங்கள் கேட்ட வார்த்தை "நீர்க்கட்டி". அம்மா ஆபரேஷன் என்றே முடிவு செய்து பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தாள். அவை உண்மையில் கட்டிகளே இல்லை, முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். 1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவென்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பார்த்து இதை எழுதிவைத்தார்கள். சினைப்பை எப்படித் தெரிந்தது என்பதை வைத்தே பெயரும் நிலைத்துவிட்டது. அவர்கள் சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியே எடுத்தார்கள் என்று பிறகு படித்தபோது, அம்மா அழுததை நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு ஸ்கேனில் அப்படித் தெரிந்தால் மட்டும் இந்த நோய் என்று சொல்லக்கூடாது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகை, ஸ்கேன் தோற்றம் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன்) போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றும் பார்க்க வேண்டும். உங்களுக்கு இதெல்லாம் பார்த்துத்தான் சொன்னார்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைய டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு அம்மாவிடம், "வெயிட்டைக் குறைக்கச் சொல்லுங்க, சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். மூன்று நிமிடம் இருக்கும். என் முகத்தை அவர் பார்த்ததாக நினைவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை உங்களுக்கும் தெரிந்தவையாக இருக்கும். ஓட்ஸ். காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர். யாரோ சொன்னார்கள் என்று கழற்சிக்காயை இடித்து மிளகோடு விழுங்கியது. அந்தக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. சென்னைக்கு வேலைக்கு வந்தபின், மாவுச்சத்தை ஏறக்குறைய அடியோடு விடும் கீட்டோ. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று மாதத்தில் 9 கிலோ குறைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த ஏழு மாதத்தில் 11 கிலோ ஏறியது. அப்போது யாரும் எதுவும் சொல்லவில்லை, பார்த்தார்கள்.

இப்போது யோசித்தால் நான் செய்தது எதுவும் உணவுமுறையே அல்ல, விரதம். விரதத்துக்கு ஒரு நாள் குறித்திருப்போம், அன்றைக்கு முடித்து இலை போட்டுச் சாப்பிடுவோம். நடுவில் தவறிப்போனால் குற்றம், பரிகாரம். நான் ஒரு வடை சாப்பிட்டுவிட்டு மறுநாள் முழுக்கப் பட்டினி கிடந்ததெல்லாம் பரிகாரம்தான். இந்த உடம்போ முடிக்கும் நாள் இல்லாத விஷயம். அதை 48 நாள் கணக்கில் அணுகினால் 49ஆம் நாள் என்ன ஆகும்?

திருப்பம் எனக்குள்ளிருந்து வந்தது என்று சொன்னால் பொய். ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா மகளுக்கு அப்போது பதினொரு வயது. குளியலறையிலிருந்து வந்தவளின் கழுத்து சிவந்து கிடந்தது. கையில் பீர்க்கங்கூடு. "ஆச்சி தேய்க்கச் சொன்னாக சித்தி. போக மாட்டேங்குது" என்றாள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவளை மடியில் இழுத்து வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "இது அழுக்கு இல்லம்மா. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. உடம்பு உள்ள கொஞ்சம் கஷ்டப்படுது, அதைத்தான் சொல்லுது" என்றேன். சொல்லி முடித்தபின்தான், இந்த வாக்கியத்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை என்று உறைத்தது. அன்று ராத்திரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

(அந்தப் பீர்க்கங்கூட்டை இப்போது அம்மா இட்லிப் பாத்திரம் தேய்க்க வைத்திருக்கிறாள். குழந்தையைச் சர்க்கரைக்கு மட்டும் பரிசோதித்தோம். வயதுக்கு வந்த புதிதில் மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு. பூப்படைந்து எட்டு வருடம் ஆகும் வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று சொல்லக்கூடாது என்றே இந்த நோய்க்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. சிறுபெண்களை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.)

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைப் படித்தால் "இவ்வளவுதானா" என்று தோன்றும். முதலில் எடை மெஷினைப் பரணில் ஏற்றினேன். காலையில் அது காட்டும் எண்தான் அன்றைக்கு நான் யார் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

சோற்றை விடவில்லை. திருநெல்வேலிக்காரியிடம் சோற்றை விடச் சொல்வது நடக்கிற காரியமா? மலையாகக் குவித்த இடத்தில் ஒரு குழிக்கரண்டிச் சோறு, அதே அளவு கூட்டு அல்லது பொரியல், கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ. காயையும் பருப்பையும் முதலில் பாதி சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைப்பேன். காலையில் மூன்று இட்லியும் சட்னியும் என்றால் பதினொரு மணிக்கே பசித்துக் கை நடுங்கும். இப்போது இரண்டு இட்லி, கெட்டி சாம்பார், ஒரு முட்டை. வாரம் இரண்டு நாள் அடை. டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையை அரை ஸ்பூனாக்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். ஊருக்குப் போனால் அல்வா சாப்பிடுவேன், சூடாக, வாழையிலையில். மறுநாள் பரிகாரம் கிடையாது.

கீட்டோவா, சிறுதானியமா, எது நல்லது என்று கேட்பீர்கள். 2023இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே, ஒரு குறிப்பிட்ட உணவுமுறை மற்றவற்றைவிட பிசிஓஎஸ்ஸுக்கு மேல் என்று காட்ட ஆதாரம் இல்லை என்கிறது. எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. அடுத்த வருடமும் சாப்பிட முடிவதைச் சாப்பிடுங்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் 15 நிமிடம் மாடியில் நடக்கிறேன். நடக்கும்போது தசை ஒரு விசித்திரம் செய்கிறது: இன்சுலின் கூப்பிடுவதற்குக் காத்திராமல் தானே கதவைத் திறந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 5 லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பித் தூக்குவது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பது பரிந்துரை. என் கணக்கு பல வாரங்களில் 110இல் நின்றுவிடும். முன்பு என்றால், நேற்று நடக்காததற்கு இன்று இரண்டு மடங்கு நடந்து, முட்டி வலித்து, மூன்றாம் நாள் மொத்தமாக விட்டிருப்பேன். இப்போது நேற்றைய பாக்கியை இன்றைக்குக் கொண்டு வருவதில்லை. கணக்கு எழுதும் என் பிழைப்பே பாக்கியை அடுத்த பக்கத்துக்கு எடுத்துச் செல்வதுதான். அதைச் செய்யாத ஒரே நோட்டு எனக்கு இதுதான்.

ஒரு வருடம் கழித்து பரணிலிருந்து மெஷினை இறக்கினேன். 78 கிலோ 74 ஆகியிருந்தது. கீட்டோ காலத்தில் இதற்கு மூக்கைச் சுளித்திருப்பேன். ஆனால் 5 சதவீதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகத் தொடங்கும் என்கிறார்கள், என் விஷயத்தில் அது நடந்தது. 80, 90 நாள் என்று போன இடைவெளி 35இலிருந்து 45க்குள் வந்தது. எடை குறையாவிட்டாலும் நடையாலும் உணவாலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பலன் உண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம் என் அலுவலகத் தோழி. அவள் 46 கிலோ, அவளுக்கும் இதே நோய். "வெயிட்டைக் குறை" என்ற ஒற்றை மந்திரம் அவளுக்கு என்ன செய்யும்?

மாத்திரை பற்றி. இன்சுலின் பேச்சை உடம்பு கேட்க உதவும் மெட்பார்மின் எனக்கு முதல் இரண்டு வாரம் வயிற்றைப் புரட்டிப் போட்டது. சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கி ஏற்றியபின் பழகிவிட்டது. நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொல்வார்கள். மாத்திரை எடுத்தால் நான் தோற்றுவிட்டேன் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. கண்ணாடி போடுகிறவர்களை யாரும் தோற்றவர்கள் என்பதில்லையே. ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: 90 நாளுக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால் "வராததே நிம்மதி" என்று இருந்துவிடக்கூடாது. கருப்பையின் உள்சவ்வு வெளியேறாமல் தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் அது புற்றுநோய்க்கும் வழிவிடலாம். மாதவிடாயை வரவழைக்க மாத்திரை இருக்கிறது. டாக்டரைப் பாருங்கள். மூன்று நிமிட டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

தாடை முடிக்கு மூன்று நாளுக்கொருமுறை ரேசர். அதனால் முடி தடிமனாக வளரும் என்பது கட்டுக்கதை. வசதியிருந்தால் லேசர் நல்லது, ஆனால் பலமுறை போக வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் யாராவது கிட்டே வந்தால் தாடையைக் கையால் மூடும் பழக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயுள்ளவர்களுக்கு அதிகம். பிசிஓஎஸ் என்று கண்டறிந்தாலே அவற்றுக்கும் சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. உங்களிடம் யாராவது கேட்டார்களா? என்னிடம் 30 வயதில்தான் கேட்டார்கள். ஆறு மாதம் ஆலோசனைக்குப் போனேன். தூக்கம் சீரானது அதற்குப் பிறகுதான்.

எனக்குக் குழந்தை இருக்கிறதா என்பதை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. பிசிஓஎஸ் கதைகள் எல்லாம் கடைசியில் ஒரு தொட்டிலைக் காட்டித்தான் முடிகின்றன, அதுதான் தேறியதற்குச் சான்றிதழ் என்பதுபோல. இதனால் கருத்தரிப்பு தாமதமாகலாம், முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளால் பலருக்குக் கைகூடுகிறது என்பது வரை போதும்.

உலகத்தில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. அலுவலக பஸ்ஸில் நாற்பது பெண்கள் வருகிறோம். யார் யார் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று சில நாள் பார்ப்பேன். முன்பு நானும் அப்படித்தான் போடுவேன்.

உங்கள் ஒரு மாதம் முடிந்து விட்டுப்போன இடத்திலிருந்து, விட்டதில் மிகச் சுலபமானது எதுவோ அதை மட்டும் எடுத்துப் பாருங்கள். எனக்கு இன்று 41ஆம் நாள். தினசரி காலண்டர் தாளில் குறித்திருக்கிறேன், மாதவிடாய் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துத் தருவார்கள், குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குமட்டும். எலுமிச்சை பிழிந்து தரலாமா என்று போன முறை அந்த லேப் அக்காவிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே பிழிந்து தந்தார்.