ஹவுஸ் சர்ஜன் மட்டும் எக்ஸ்ரே பார்த்தால் போதுமா?

ராயபுரத்தில் அப்பாவுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயை ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர், மட்டும்தான் பார்த்தார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வட சென்னையில் நானும் அப்படி ஓராண்டு பார்த்தவன்தான். நெஞ்சில் நிறைய நீர், நன்றாக விலகிய எலும்பு முறிவு இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். காறை எலும்புக்கு (கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் எலும்பு) பின்னாலும் இதய நிழலுக்குள்ளும் ஒளிந்திருப்பவைதான் படுத்தும். பெரியவர்களுக்கு டிபி பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில், அந்தக் காறை எலும்புப் பக்கம்தான் உட்காரும்! அப்புறம், ஒரு கோளாறு கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிடுவோம். விலா முறிவைக் கண்டுபிடித்த பெருமையில், பக்கத்திலேயே நுரையீரல் லேசாகச் சுருங்கியிருந்ததை ஒருமுறை கோட்டை விட்டேன்; சீனியர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இருமல் 2 வாரம் தாண்டியிருந்தால் ரேடியாலஜிஸ்ட் (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் நிபுணர்) அறிக்கையும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.