சர்க்கரை அளவை மறைக்காதீர்கள், தங்கச்சி

லண்டன் வந்து இரண்டு மாதம், 27 வாரக் கர்ப்பம், சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், இன்சுலின் இல்லாமல் சமாளிக்கலாமா, வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டை உங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். சர்க்கரையைப் பற்றிச் சொல்கிறேன்.

2010 டிசம்பர் பனியில் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். மீட்டரில் 9 என்று வந்தது. திருச்சியில் அம்மாவுக்கு 140, 180 என்று கேட்டே பழகியவள், ஒன்றும் புரியவில்லை. இங்கே அளக்கும் அலகு வேறு. 18-ஆல் பெருக்கினால் நம்ம ஊர்க் கணக்கு வரும். வெறும் வயிற்றில் 5.3-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது 95, 140.

இது புரிந்த பிறகுதான் பெரிய தப்பு செய்தேன். இன்சுலினுக்குப் பயந்து நோட்டில் 9-ஐ 7 என்று எழுதினேன். மீட்டரிலேயே எல்லாம் பதிவாகும் என்று தெரியாது. பார்த்துவிட்ட நர்ஸ் திட்டவில்லை, "ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து சோற்றைக் கப்பில் அளந்தேன், சாப்பிட்டதும் மழையிலும் அரை மணி நேரம் நடந்தேன். அப்படியும் காலை அளவு இறங்கவில்லை, இன்சுலின் போட்டேன். பிரசவம் ஆனதும் நிறுத்திவிட்டார்கள்.

இங்கே நம்மவர்களே "எதற்கெடுத்தாலும் இன்சுலின் குத்துவார்கள், பாகற்காய் ஜூஸ் குடி, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு" என்பார்கள். இருபது வருடம் இருந்தும் இப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. நீங்கள் போடும் இன்சுலின் குழந்தைக்குப் போகாது. உங்கள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரைதான் போகும். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கிளினிக்கில் கேளுங்கள், காசு கிடையாது. நாத்தனாரைக் கூட்டிப் போனால் பாதியைத்தான் சொல்வார், எனக்கு நடந்தது. மருந்தும் இலவசம், மிட்வைஃபிடம் (கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிக்கிற நர்ஸ் மாதிரி) அதற்கான சான்றிதழ் கேளுங்கள்.

மகன் பிறந்ததும், அவனுக்குச் சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்று அரை மணிக்குள் பால் கொடுக்க வைத்தார்கள். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது அவனோடு நானும் அழுதேன்.

பிரசவத்துக்குப் பிறகு 6 முதல் 13 வாரத்துக்குள் உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அப்புறம் வருடம் ஒரு முறை. குழந்தை, வேலை என்று நான் அதை விட்டுவிட்டேன். 2017-ல் வேறு எதற்கோ ரத்தம் கொடுத்தபோது டைப் 2, அதாவது நிரந்தரமான சர்க்கரை நோய் என்றார்கள். எப்போது வந்தது என்றே தெரியாது. நீங்கள் அந்த வாரங்களை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.