கணையக் கட்டிகள் எல்லாம் ஒரே நோய் அல்ல

கேள்வி: என் அக்காவுக்கு வயது 44. வயிற்று வலிக்காக எடுத்த சிடி ஸ்கேனில் கணையத்தின் வால் பகுதியில் 3 செ.மீ. அளவில் ஒரு கட்டி தெரிந்தது. பயாப்ஸி முடிவில் ‘நியூரோஎண்டோகிரைன் கட்டி, கிரேடு 2’ என்று இருக்கிறது. கணையத்தில் புற்றுநோய் வந்தால் சில மாதங்கள்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கலாமா, கீமோதெரபி முதலில் தேவையா?

பதில்: உங்கள் உறவினர்கள் மனதில் வைத்துப் பேசுவது, செரிமான நீரைக் கொண்டுசெல்லும் நாளங்களில் தோன்றும் அடினோகார்சினோமாவை. கணையப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது அந்த வகைதான் என்பதால் அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் உங்கள் அக்காவுக்கு வந்திருப்பது, ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து உருவாகும் வேறொரு நோய்; பெரும்பாலும் மெதுவாக வளர்வது. 2003இல் இதே வகைக் கட்டி கண்டறியப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2011 வரை வாழ்ந்தார்.

பயாப்ஸி அறிக்கையில் ‘கேஐ-67’ என்ற வரியைத் தேடிப் பாருங்கள். எத்தனை சதவீதச் செல்கள் பெருகும் நிலையில் இருக்கின்றன என்பதை அது காட்டும். 3 முதல் 20 சதவீதம் வரை எல்லாமே கிரேடு 2 என்றாலும், 4 சதவீதக் கட்டியும் 18 சதவீதக் கட்டியும் ஒரேபோல நடந்துகொள்வதில்லை. ஆகவே கிரேடை மட்டும் கேட்டுவிட்டு வராமல் அந்த எண்ணையும் மருத்துவரிடம் கேளுங்கள். ஊசியில் எடுக்கும் துணுக்கு சிறியது என்பதால், கட்டியை முழுமையாக அகற்றிச் சோதித்த பிறகு இந்த எண் மாறுவதும் உண்டு. இளம் பெண்களிடம் காணப்படும் சாலிட் சூடோபாப்பில்லரி கட்டி நுண்ணோக்கியில் இதைப் போலவே தோற்றமளிக்கக்கூடும் என்பதால், பயாப்ஸி திசுவின் ஸ்லைடுகளையும், மீதித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டைகளையும் ஆய்வகத்திலிருந்து வாங்கி, இத்துறையில் அனுபவமுள்ள நோயியல் நிபுணரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

அடுத்து, இவ்வகைக் கட்டிச் செல்களில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி உடல் முழுவதும் படமெடுக்கும் காலியம்-68 டோட்டாடேட் பெட்-சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். சாதாரண பெட் ஸ்கேனில் பிடிபடாத பரவல்கூட இதில் தெரியவரும். இவ்வகைக் கட்டிகள் ரத்தத்தில் வெளிவிடும் குரோமோகிரானின்-ஏ என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை செய்வதானால், அக்கா பான்டோபிரசோல் போன்ற அமிலக்குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையே அளவை உயர்த்திக் காட்டி வீண் கவலை தரும்.

பரவல் இல்லையென்றால், 3 செ.மீ. கட்டிக்கு அறுவை சிகிச்சையே முதல் தெரிவு. வழக்கமாக அதற்கு முன் கீமோதெரபி தேவைப்படாது. கல்லீரலுக்குப் பரவியிருந்தாலும் வழி அடைபட்டுவிடாது: கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த மாதந்தோறும் போடும் ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடு ஊசி, எவரோலிமஸ் மாத்திரை, கேப்சிடபின்-டெமோசோலோமைடு கீமோதெரபி மாத்திரைகள், லுட்டீசியம்-177 கதிரியக்கச் சிகிச்சை என வரிசை நீளும்.

பசி நேரத்தில் வியர்வையும் படபடப்பும் வந்து, சர்க்கரை சாப்பிட்டதும் தணிகிறதா என்று அக்காவிடம் கேளுங்கள். அது இன்சுலின் சுரக்கும் கட்டியின் அடையாளமாக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்கேனும் பாராதைராய்டு அல்லது பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி இருந்திருந்தால், இது பரம்பரையாக வரும் நோயின் பகுதியாக இருக்கலாம் என்பதால் மரபணுப் பரிசோதனையும் அவசியம்.

வால் பகுதியை அகற்றும்போது பெரும்பாலும் மண்ணீரலையும் சேர்த்து எடுக்க நேரும். மண்ணீரல் இல்லாதவர்களுக்குச் சில பாக்டீரியாத் தொற்றுகளின் ஆபத்து கூடும் என்பதால், அப்படியானால் அவற்றைத் தடுக்கும் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி) தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே போட்டுக்கொள்வது நல்லது. தேதி குறிக்கும்போதே அறுவை சிகிச்சை நிபுணரிடம் இதைப் பேசிவிடுங்கள்.